"மெம்பர்தான், ஆனால் போவதில்லை": மார்மன் சபையில் பெயர் இருப்பதும் ஆள் இருப்பதும்

மாலதி (ஓரம், யூட்டா)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் யூட்டாவுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒரு கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தைந்து இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையினருக்குக் காபி கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சபைக் கூட்டத்துக்குப் போய் முப்பது வருடம் ஆகிறதாம். ஆனால் யாராவது கேட்டால், "நான் மார்மன்தான். என் முப்பாட்டனார் கைவண்டி இழுத்துக்கொண்டு இந்த மலைகளைத் தாண்டி வந்தவர்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்.

பனி கொட்டிய மறுநாள் விடியும் முன்பே இரண்டு பையன்கள் மண்வெட்டியோடு வந்து அவர் வாசலைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். மாதம் ஒருமுறை இரண்டு ஆண்கள் வந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் சபைக்காரர்கள். இவர் ஒரு ஞாயிறுகூடப் போவதில்லை, அவர்களும் வராமல் இருப்பதில்லை.

அப்படியானால் இவர் மார்மனா, இல்லையா? சபை இவரை எப்படி எண்ணுகிறது? பட்டியலில் ஒருவர் பெயர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது? கிண்டலுக்காகக் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, அதனால்தான் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தோணி (பெங்களூரு)

மாலதி அக்கா, நான் அந்தச் சபையின் உறுப்பினன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். இருபத்து மூன்று வயதில் இங்கே ஞானஸ்நானம் எடுத்தேன். சில வருடம் எங்கள் கிளையில் (சிறிய உள்ளூர்ச் சபையைக் கிளை என்போம்) எழுத்தராக இருந்தேன், உறுப்பினர் பதிவேடு என் கையில்தான் இருந்தது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. "மார்மன்" என்பது வெளியார் வைத்து, நாங்களும் பழகிப்போன பெயர். 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். உங்கள் பெரியவர் "மார்மன்" என்றே சொல்வதில் தப்பில்லை, அவர் தலைமுறை அப்படித்தான் சொல்லும். இந்த இழையில் நானும் உங்கள் வசதிக்கு அதையே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம், அவர் உறுப்பினர். எட்டு வயதில் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம், அதன்பின் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல். இந்த இரண்டும் நடந்துவிட்டால் பெயர் பதிவாகிவிடும். எட்டு வயதுக்கு முன்னால் குழந்தைக்குத் தவறு எது சரி எது என்ற பொறுப்பு இல்லை என்பது எங்கள் நம்பிக்கை, அதனால் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஆனால் குழந்தையை ஆசீர்வதித்துப் பெயர் வைக்கும்போதே அதன் பெயரும் பதிவேட்டில் ஏறும், உலக மொத்தக் கணக்கிலும் சேரும்.

ஏறிய பெயர் தானாக இறங்காது. இறந்தால் இறங்கும். தானாகவே எழுதிக் கொடுத்து விலகினால் இறங்கும். பெரிய தவறுக்காகச் சபை நீக்கினால் இறங்கும். முப்பது வருடம் வராமல் இருந்ததற்காக யாரையும் நீக்க மாட்டார்கள். அப்படி இருப்பவர்களை நாங்கள் "குறைவாகச் செயல்படுகிறவர்" என்போம். "போனவர்" என்று சொல்வதில்லை.

பனி தள்ளிய பையன்கள் எப்படி வந்தார்கள் என்றால், எங்கள் சபையில் யார் எந்தத் தொகுதி, அதாவது எந்த உள்ளூர்ச் சபை, என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது. நம் ஊர் ரேஷன் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெரு முதல் அந்தத் தெரு வரை இந்தத் தொகுதி. பிடித்த போதகர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போவதெல்லாம் கிடையாது. உங்கள் பெரியவர் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தத் தொகுதியின் தலைவரான ஆயர்தான் அவரைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பு. மாதம் வரும் அந்த இரண்டு ஆண்களும் அவருக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள். முன்பு இதை "வீட்டுப் போதனை" என்பார்கள். 2018 ஏப்ரலில் அதை மாற்றி "ஊழியம்" என்று பெயர் வைத்தார்கள். மாதாமாதம் பாடம் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது, அக்கறையோடு பார்த்துக்கொள்வதே வேலை.

நெல்லை முருகன்

அந்தோணி தம்பி விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடல். முப்பது வருடம் வராதவரும் கணக்கில், நேற்றுப் பிறந்த குழந்தையும் கணக்கில். அப்படியானால் உலகம் முழுக்க 1.7 கோடி உறுப்பினர் என்று சொல்வது ஊதிப் பெருக்கிய எண் ஆகாதா? இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களும் அந்த 1.7 கோடியில் இருக்கிறார்களா?

கணக்குப்பிள்ளை

முருகன் சார், இறந்தவர்கள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உயிரோடு இருக்கும் ஒருவர் கோயிலில், இறந்த ஒருவருக்குப் பதிலாக முழுகுவார், அது உண்மை. ஆனால் இறந்தவர் அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்கள் கொள்கை. உறுப்பினர் எண்ணிக்கையில் அவர்கள் சேருவதில்லை.

மற்ற பாதி சரியான கேள்வி. நான் புள்ளியியல் படித்தவன், இதை ஒரு காலத்தில் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். 2024 முடிவில் சபை சொன்ன எண் 1 கோடியே 75 லட்சம். தொகுதிகளும் கிளைகளும் சேர்ந்து 31,600 சொச்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு கூட்டத்துக்கு 550 பேர். யூட்டாவிலேயே ஒரு சாதாரண ஞாயிறு அத்தனை பேர் ஒரு தொகுதியில் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியம். வெளிநாடுகளில் இன்னும் குறைவு. மொத்த உறுப்பினர், புதிய ஞானஸ்நானம், மிஷனரிகள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். வாரம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அறிவிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தலை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள், இல்லையா அந்தோணி?

நாட்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இடைவெளி பளிச்சென்று தெரியும். சிலியில் 2002இல் சபைக் கணக்கில் ஐந்து லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் தன்னை மார்மன் என்று சொன்னவர்கள் 1,03,735. பிரேசிலில் 2010இல் சபை சொன்னது 11 லட்சத்துக்கு மேல், கணக்கெடுப்பில் கிடைத்தது 2,26,509. வயது வரம்பைத் தள்ளிப் பார்த்தாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இது எப்படி வந்தது? பெரும்பகுதி அவசர ஞானஸ்நானங்களால். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேஸ்பால் ஆட அழைத்து, அந்த வேகத்திலேயே சிறுவர்களை முழுக்கிப் பதிவு செய்த கதையை அந்தச் சபையின் வரலாற்றாய்வாளர்களே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். தென்னமெரிக்காவில் எண்பதுகளில் ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆட்கள் இல்லை. சபையும் இதை மூடிவைத்தது என்று சொல்ல முடியாது. 2002இல் சபையின் உச்சத் தலைவர்களான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்டைச் சிலியிலேயே குடியிருக்க அனுப்பினார்கள், டாலின் ஓக்ஸை பிலிப்பைன்ஸுக்கு. இரண்டு வருடம் அங்கேயே இருந்தார்கள். சிலியில் பல பிணையங்களை (பல தொகுதிகள் சேர்ந்தது ஒரு பிணையம்) கலைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். சுருங்குவதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வது எந்த நிறுவனத்துக்கும் கஷ்டம்.

அப்புறம் ஒரு கணிப்பு. 1984இல் ராட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர், பத்தாண்டுக்கு 50 சதவீத வளர்ச்சி நீடித்தால் 2080இல் 26.5 கோடி மார்மன்கள் இருப்பார்கள் என்று எழுதினார். பட்டியலை ஆள் என்று எடுத்துக்கொண்டால் கணிப்பு எங்கே போகும் என்பதற்கு இது பாடம். 2024இல் ஆண்டு வளர்ச்சி 2 சதவீதத்துக்கும் கீழே.

அந்தோணி (பெங்களூரு)

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. தலை எண்ணுவது உண்மை, நானே எண்ணியிருக்கிறேன்.

அதை எப்படிச் செய்வோம் என்று சொல்கிறேன். திருவிருந்து முடிந்ததும், பேச்சு தொடங்கியிருக்கும்போது, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று விரலை லேசாக அசைத்து வரிசை வரிசையாக எண்ணுவேன். தாயின் மடியில் தூங்குகிற குழந்தை ஒன்று. வெளியே வராந்தாவில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அப்பா, அதுவும் சேர்த்து இரண்டு. முதல்முறை வந்த விருந்தாளியும் கணக்கு. யார் உறுப்பினர், யார் இல்லை என்று பார்ப்பதில்லை. சின்னத் தாளில் எண்ணை எழுதி மடித்துக் கிளைத் தலைவரிடம் கொடுப்பேன். பட்டியலில் நானூறுக்குப் பக்கம் பெயர். தாளில் எழுதியது நூற்றுப் பத்து, நூற்று இருபது.

அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கிறவர்கள் எனக்கு வெறும் கழித்தல் கணக்கு இல்லை. ஒவ்வொரு பெயரையும் எனக்குத் தெரியும். ஒருவர் வேலைக்காக ஓசூர் போய்விட்டார், ஞாயிறு ஷிஃப்ட். ஒரு அக்காவை மாமியார் வீட்டில் அனுப்ப மறுத்தார்கள். அவர் போனில் மட்டும் ஜெபிக்கச் சொல்வார். ஒரு பையனுக்கு யாரோ ஒருவர் சொன்ன ஒரு கடுஞ்சொல் போதுமாக இருந்தது. சிலருக்கு உண்மையிலேயே நம்பிக்கை போய்விட்டது. முகவரி மாறிக் காணாமல் போனவர்களின் பெயரை, இறந்தார் என்று தெரியாவிட்டால், 110 வயது வரை பதிவேட்டில் வைத்திருப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் எண்ணைப் பெருக்கும் வேலை மாதிரித் தெரியும். எழுத்தராக உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் இருக்கிறவரை போய்க் கதவைத் தட்ட ஒரு காரணம் இருக்கிறது.

1997இல் கார்டன் ஹிங்க்லி தலைவராக இருந்தபோது, புதிதாகச் சேர்கிறவருக்கு மூன்று வேண்டும் என்றார்: ஒரு நண்பர், ஒரு பொறுப்பு, தேவ வார்த்தையால் போஷிப்பு. அந்த மூன்றில் "பொறுப்பு" என்பதுதான் எங்கள் சபையின் முதுகெலும்பு. சம்பளம் வாங்கும் போதகர் உள்ளூரில் கிடையாது. ஆயர் பகலில் ஐடி கம்பெனியிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வேலை பார்ப்பவர். ஞாயிறு பள்ளி ஆசிரியர், பியானோ வாசிப்பவர், நாற்காலி அடுக்குபவர் என்று ஆளுக்கு ஒரு அழைப்பு. சேர்ந்து இரண்டாவது மாதம் என்னைப் பாட்டுப் புத்தகம் விநியோகிக்கச் சொன்னார்கள். அந்தச் சின்ன வேலை இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் நான் வந்திருப்பேனா என்று தெரியாது. கூட்டம் மூன்று மணி நேரம் அப்போது. 2019 ஜனவரியிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள்.

செல்வி (சால்ட் லேக் சிட்டி)

நான் செவிலியராக இருக்கிறேன், இங்கே பன்னிரண்டு வருடம். உறுப்பினரா இல்லையா என்பதைவிடப் பெரிய கோடு ஒன்று உள்ளே இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. அதுதான் கோயில்.

ஞாயிற்றுக்கிழமை போகிற கட்டடம் வேறு, கோயில் வேறு. முதலாவதற்கு நீங்களும் நானும் போகலாம். கோயிலுக்குள் போக ஆலயப் பரிந்துரை என்று ஒரு சின்னச் சீட்டு வேண்டும். முதலில் ஆயர் தனியாக உட்கார்த்திக் கேள்வி கேட்பார், பிறகு பிணையத் தலைவர். கடவுள் மேல் விசுவாசம் உண்டா, தலைவர்களை ஆதரிக்கிறாயா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் முழுதாகக் கொடுக்கிறாயா, காபி, தேநீர், மது, புகையிலை தொடாமல் இருக்கிறாயா, ஒழுக்கம் காக்கிறாயா, நடப்பதில் நேர்மை உண்டா. கேள்விகள் என்ன என்பதை 2019இல் சபையே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இரண்டு பேர் கையெழுத்தும் கிடைத்தால் இரண்டு வருடத்துக்குச் செல்லும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பிறப்பிலேயே மார்மன். விவாகரத்துக்குப் பிறகு தசமபாகம் கொடுக்க முடியவில்லை, இரவு ஷிஃப்ட்டில் காபி பழகிவிட்டது. கூட்டத்துக்கு வருவார், பாடுவார், ஆனால் சீட்டு இல்லை. 2016இல் அவருடைய மூத்த மகளுக்கு இங்கே கோயிலில் கல்யாணம். முந்தின நாள் இரவு அந்தப் பெண்ணின் முக்காட்டுத் துணியை இந்த அம்மாதான் இஸ்திரி போட்டார், எனக்குப் போட்டோ அனுப்பினார். மறுநாள் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. கோயிலுக்கு வெளியே பூந்தோட்டத்துப் பெஞ்சில் அக்கா மகனின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கதவு திறந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். திங்கட்கிழமை வேலைக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அப்போது அமெரிக்காவில் முதலில் வெளியே கல்யாணம் செய்துகொண்டால் கோயிலில் முத்திரிக்க (கல்யாணத்தை நித்தியத்துக்கும் பிணைக்கும் சடங்கு) ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி. அதனால் பக்தியுள்ள பிள்ளைகள் அம்மா அப்பாவை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது மகள் கல்யாணம் காலையில் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது, அம்மா முன்வரிசையில். மதியம் கோயிலில் முத்திரித்தல். ஒரு விதி மாறியதால் ஒரு தாய்க்கு ஒரு கல்யாணம் கிடைத்தது, மூத்தவளுடையது கிடைக்காமலே போனது. சபை மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தோணி (பெங்களூரு)

செல்வி அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னது வலிக்கிறது, உண்மையும்தான்.

எங்கள் பக்கம் அந்தக் கோடு வேறு மாதிரி விழும். இந்தியாவில் கோயிலே இல்லாததால் அப்போதெல்லாம் ஹாங்காங் போகவேண்டும். நானும் மனைவியும் 2011இல் போனோம். பிஎஃப் பணத்தில் முன்பணம் எடுத்தேன், மனைவி ஒரு ஜோடி வளையலை விற்றாள். பாஸ்போர்ட், விசா, விமானம். எங்களோடு சீட்டு வாங்கிய இன்னொரு தம்பதிக்குப் பணம் புரளவில்லை, அந்தச் சீட்டு காலாவதியாகி, மறுபடி வாங்கி, மறுபடி காலாவதியானது. அவர்கள் எங்களைவிட எந்த வகையில் குறைந்தவர்கள்? 2018 ஏப்ரலில் பெங்களூருவுக்குக் கோயில் அறிவித்தபோது நான் முதலில் நினைத்தது அவர்களைத்தான்.

ஏடு தேடி

இந்தப் படிகள் எல்லாம் மாறாதவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வரலாற்றில் பார்த்தால் கோடு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஞான வார்த்தை" என்ற அந்த உணவுக் கட்டுப்பாடு 1833இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடு என்பார்கள். ஆனால் அது ஆலோசனையாகத்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நல்ல விசுவாசிகள் பலர் காபியும் குடித்தார்கள், புகையிலையும் போட்டார்கள். ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்தபோது, 1921 வாக்கில்தான், கோயிலுக்குள் போக அது கட்டாயம் ஆனது. மாலதியின் பெரியவர் நூற்றைம்பது வருடம் முன்பு திண்ணையில் காபி குடித்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1856-57இல் யூட்டாவில் "சீர்திருத்தம்" என்று ஓர் அலை. வீடு வீடாகப் போய்ப் பட்டியல் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள்: திருடினாயா, பொய் சொன்னாயா, குடித்தாயா. ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவர்களை மறுபடி முழுக்கினார்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது என்ற பதற்றம் சபைக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆனால் எனக்கு இந்தத் தலைப்பு என்றால் நினைவுக்கு வருவது ஒரு பெண். ஜேன் மானிங் ஜேம்ஸ். கறுப்பினத்தவர். 1843இல் குடும்பத்தோடு பஃபலோவிலிருந்து, அன்று சபையின் மையமாக இருந்த இல்லினாய்ஸின் நாவூ வரை நடந்தே போனார். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, வழியெல்லாம் ரத்தத் தடம் பதிந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜோசப் ஸ்மித்தின் வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த முதல் குடியேறிகளில் அவரும் ஒருவர். கோயில் சடங்குகளுக்கு அனுமதி கேட்டுத் தலைவர்களிடம் மறுபடி மறுபடி விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் மறுத்துவிட்டார்கள். 1894இல் ஒரு சடங்கு செய்தார்கள், ஸ்மித் குடும்பத்தின் "ஊழியக்காரி" என்று நித்தியத்துக்கும் இணைத்து. அதற்கும் அவரை உள்ளே விடவில்லை, பதிலாள் வைத்து முடித்தார்கள். 1908இல் இறக்கும்வரை ஒருநாளும் சபையை விட்டுப் போகவில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவமும், ஆண் பெண் இருபாலருக்கும் கோயிலும் திறந்தது 1978 ஜூனில்.

ஈடுபாட்டை அளக்கும் எந்த அளவுகோலும் இந்த அம்மாவுக்குப் போதாது. சபை வைத்த படியில் அவர் கீழே இருந்தார். விசுவாசத்தில் அவருக்கு மேலே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் ஒரு சின்னத் துணுக்கு: 1853இல் ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் யூட்டாவிலிருந்து கிளம்பிக் கடல் கடந்து மதராஸ் வந்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். மதராஸில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டார், பிரசங்கம் செய்தார். சேர்ந்தவர்கள் சொற்பம், அடுத்த வருடமே கிளம்பிவிட்டார்.

நெல்லை முருகன்

ஊதிப் பெருக்கியது என்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன், பாதி அளவுக்கு. பெயரை வைத்திருப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று புரிகிறது. ஆனாலும் உலகத்துக்குச் சொல்லும்போது வருகை எண்ணையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. அமெரிக்காவில் மார்மன்கள் மற்ற பலரையும்விட அதிகமாக ஞாயிறு கூட்டத்துக்குப் போகிறார்கள் என்றும் படிக்கிறேன். பட்டியலில் பாதிக்கு மேல் வருவதில்லை என்றால் இது எப்படி?

கணக்குப்பிள்ளை

வருகை எண்ணை வெளியிட வேண்டும் என்பதில் உங்கள் கட்சிதான் நான்.

இரண்டாவது கேள்விக்கு விடை யாரைக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பியூ என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஆய்வு மையம் 2011இல் அமெரிக்க மார்மன்களிடம் எடுத்த கணிப்பில் 77 சதவீதம் பேர் வாரம் தவறாமல் போவதாகச் சொன்னார்கள், 79 சதவீதம் பேர் தசமபாகம் கொடுப்பதாக, 65 சதவீதம் பேர் ஆலயப் பரிந்துரை வைத்திருப்பதாக. அசாத்தியமான எண்கள். ஆனால் போனில் "உங்கள் மதம் என்ன" என்று கேட்டதும் "மார்மன்" என்று சொன்னவர்களிடம் மட்டுமே அந்தக் கேள்விகள் போயின. எட்டு வயதில் முழுகி, இப்போது "மதம் எதுவும் இல்லை" என்கிறவர் அந்தக் கணிப்பில் வரமாட்டார், சபைப் பட்டியலில் இருப்பார். அதே மையத்தின் கணக்கில், மார்மனாக வளர்ந்தவர்களில் பெரியவர்களான பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டவர்கள் 2007இல் 70 சதவீதம், 2014இல் 64 சதவீதம்.

ஆகவே பட்டியல் ஒரு கூட்டத்தைப் பார்க்கிறது, கணிப்பு இன்னொரு கூட்டத்தைப் பார்க்கிறது. இரண்டிலும் சரியாக அகப்படாதவர்கள் நடுவே நிற்கிறார்கள். மாலதியின் பெரியவர் விசித்திரமானவர். போனில் கேட்டால் மார்மன் என்பார், ஆனால் போகமாட்டார். அங்கே "ஜாக் மார்மன்" என்று ஒரு வழக்கே உண்டு இப்படிப்பட்டவர்களுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு மார்மன்களோடு நட்பாக இருக்கும் வெளியார் என்று அர்த்தம். பிறகு அர்த்தமே தலைகீழாக மாறி உள்ளே பிறந்து விதி பின்பற்றாதவர் என்று ஆகிவிட்டது. இதற்கு நேர் எதிரான இன்னொரு ரகமும் உண்டு, ஞாயிறு தவறாமல் வந்து உட்காருவார்கள், மனதில் நம்பிக்கை இருக்காது. மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, ஊருக்காக. எழுத்தர் எண்ணிக்கையில் இவர்கள் "செயல்படுகிறவர்கள்".

தேவராஜன் (மேசா, அரிசோனா)

என் மனைவி மார்மன் குடும்பத்தில் பிறந்தவள், இந்த ஊர்க்காரி. அவளிடம் கேட்டுவிட்டு அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இருபத்து மூன்று வயதில் போவதை நிறுத்திவிட்டாள். அதன்பின் நாங்கள் நான்கு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் குடிபோய் இரண்டு மூன்று மாதத்துக்குள் யாராவது ஒரு பெண்மணி பிஸ்கட் டப்பாவோடு கதவைத் தட்டி அவள் பெயரைச் சொல்லி விசாரிப்பார். எப்படித் தெரிந்தது என்று முதலில் எனக்குப் பயமாகவே இருந்தது. அவள் அம்மாதான் புது முகவரியைச் சபைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒத்தாசைச் சங்கம் என்ற சபைப் பெண்கள் அமைப்பில் பெரியவர்களான எல்லாப் பெண்களும் தானாகவே உறுப்பினர், அதனால் அவர்கள் தேடி வருகிறார்கள்.

2015 நவம்பரில் ஒருபால் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று ஒரு கொள்கை வந்தது. அவளுடைய தம்பி ஆண் துணையோடு வாழ்பவன். அன்றிரவே இருவரும் விலகல் கடிதம் எழுதினார்கள். அவன் அனுப்பிவிட்டான். இவள் உறையில் போட்டு ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்தாள்.

விலகினால் ஞானஸ்நானமும் கோயிலில் பெற்ற ஆசீர்வாதங்களும் ரத்து. மறுபடி வரவேண்டும் என்றால் அனுமதி வாங்கித் திரும்ப முழுக வேண்டும். இவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆகவே இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு உண்டு. குடும்பம் நித்தியத்துக்கும் ஒன்றாக முத்திரிக்கப்பட்டது என்பதுதான் அந்த அம்மாவின் உயிர். மகன் கடிதம் அனுப்பியது தெரிந்த அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைத் தொட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார் என்று மாமனார் சொன்னார்.

2019 ஏப்ரலில் அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற்றார்கள். தம்பி திரும்பப் போகவில்லை. இவள் கடிதம் இன்னும் அதே இழுப்பறையில். தபால்தலை விலை பல தடவை ஏறிவிட்டது. போன வருடம் மாமனார் இறந்தபோது தொகுதிப் பெண்கள் முப்பது பேருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்குப் பாத்திரங்கள் அடுப்படி முழுக்க. இவள் பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அவள் எந்த நிலை என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாலதி (ஓரம், யூட்டா)

எல்லோருக்கும் நன்றி. தேவராஜன் அண்ணா, உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். செல்வி, ஒருநாள் சந்திப்போம், நீங்கள் முக்கால் மணி நேர தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் பேரனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது, இரண்டு வருடம் மிஷனரியாக ஊழியத்துக்குப் போகிறான். கிளம்பும் முன் சபையில் பேசுகிறான். பெரியவர் சனிக்கிழமை வந்து, "தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, நீயும் வருகிறாயா" என்று கேட்டார். போனேன். அவர் சூட் போட்டிருந்தார், பழையது, தோள் பக்கம் தொளதொளவென்று இருந்தது. கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் போகலாமே என்றேன், தலையாட்டிவிட்டார்.

திருவிருந்துத் தட்டு வந்தது. பனி தள்ள வரும் அதே பையன்களில் ஒருவன்தான் எங்கள் வரிசைக்குக் கொண்டுவந்தான். பிட்டுப்போட்ட ரொட்டித் துண்டுகள். பெரியவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நானும் எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். பிறகு சின்னச் சின்னக் கோப்பைகளில் தண்ணீர், அதுவும் அப்படியே. பையன் எதுவும் கவனிக்காத மாதிரி நின்றான்.

பேரன் பேசும்போது தாத்தாவின் முப்பாட்டனார் கைவண்டிக் கதையைச் சொன்னான். தாத்தா சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றான். பெரியவர் கைக்குட்டையைத் தேடினார், என்னிடம் டிஷ்யூ இருந்தது.

அப்போதுதான் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவரோரம் ஒருவர் கையில் சின்னத் தாளோடு நின்று விரலை லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். அந்தோணி தம்பி, உங்களை நினைத்துக்கொண்டேன். விரல் எங்கள் வரிசைக்கு வந்தது. பெரியவர் ஒன்று, நான் ஒன்று.